எந்த ஊர்னே தெரியாத ஊர்: புது ‘நகர்’ மனைகளை வைத்துக் கண்காட்சி (விவாத இழை)

#1 ஏலாக்கரை

நாகர்கோவிலைச் சுற்றி முளைக்கும் மனைப்பிரிவுகளை வைத்து ஒரு கண்காட்சி போடும் யோசனை இருக்கிறது. பெருவிளை, வாத்தியார்விளை, கட்டையன்விளை என்று மண்ணைச் சொல்லும் பெயர்கள் இருந்த பக்கமெல்லாம் இப்போது ‘நகர்’, ‘கார்டன்’, ‘அவென்யூ’ வளைவுகள். வளைவைத் தாண்டி உள்ளே போனால் அது ஓசூரா, கோயம்புத்தூரா, நம்ம நாகர்கோவில் கோணமா என்று சொல்ல முடியாது. அதே இன்டர்லாக் கல், அதே எஸ்எஸ் கைப்பிடி, அதே சாம்பலும் ஆரஞ்சும் அடித்த முகப்பு.

1975-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் நடந்த, மனுசர் மாற்றிய நிலத்தை அலங்காரமில்லாமல் காட்டிய ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ புகைப்படக் கண்காட்சி மாதிரி ஒன்று மனசில் இருக்கிறது. கேள்விகள் மூன்று. முகப்புப் படங்களை ஒரே மாதிரி எடுப்பது எப்படி? படம் தவிர வேறென்ன வைக்கலாம்? கடைசியில் இது வீடு கட்டினவர்களைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடாதா? மூன்று அறை, சின்ன பட்ஜெட்.

#2 வெள்ளைவானம்

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் எடுத்த முறைதான் இதற்கு அடிப்படை. நீங்கள் சொன்ன 1975 கண்காட்சியிலும் அவர்கள் இருந்தார்கள். ஒரே தூரம், ஒரே உயரம், மேகமூட்ட வெளிச்சம், கட்டம் கட்டமாக அடுக்கல். இதில் ஒன்று நழுவினாலும் பார்ப்பவர் கண் வீட்டை விட்டுவிட்டுப் புகைப்படக்காரரின் கோணத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். மனைப்பிரிவுச் சாலை 7.2 மீட்டர். எதிர்ச் சுற்றுச்சுவரில் முதுகை ஒட்டி நின்றால், வீட்டு முன் விட்ட 1.5 மீட்டரையும் சேர்த்து முகப்பு 8.7 மீட்டர் தூரத்தில். 26 மி.மீ.க்குச் சமமான ஃபோன் லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் அந்தத் தூரத்தில் சுமார் 8.7 மீட்டர் அகலமும் 11.5 மீட்டர் உயரமும் விழும். போதும் போலத் தெரியும், போதாது. கேமராவை மட்டமாக வைத்தால் அந்த உயரத்தில் பாதிதான் மேலே போகும். கண் உயரம் 1.5 மீட்டர் என்றால் 7.3 மீட்டரோடு நின்றுவிடும். மாடிப்படிக் கூண்டு வெட்டுப்படும்.

இங்கேதான் எல்லாரும் ஃபோனை மேல்நோக்கிச் சாய்க்கிறார்கள். சுவர்கள் உச்சியில் குவிந்து, வீடு பின்னால் சாய்கிற மாதிரி ஆகிவிடும். மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் இரண்டு ஓரமும் போகும், படத்துக்குப் படம் போகிற அளவும் மாறும். ஒற்றைக்கால் தாங்கியை நீட்டி ஃபோனை 2.5 மீட்டருக்குத் தூக்கி, ப்ளூடூத் பொத்தானால் அமுக்குங்கள். 8.3 மீட்டர் வரை நேராகக் கிடைக்கும். கீழே மிஞ்சும் சாலையை எல்லாப் படத்திலும் ஒரே அளவு வெட்டுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜூன் மாதச் சாரல் மேகம் நல்லது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/60 நொடி என்பது மேகமூட்டத்தில் தொடக்க அளவு (பெரிய கேமராவுக்கு; ஃபோனில் துளை மாறாது, நேரத்தை மட்டும் பூட்டுங்கள்). வெள்ளைச் சமநிலையை (வைட் பேலன்ஸ்) தானியங்கியில் விடக் கூடாது. ஆரஞ்சு முகப்பைக் கண்டால் நீலத்தைக் கூட்டும், கிளிப்பச்சையைக் கண்டால் மெஜந்தாவைக் கூட்டும். 15 படத்தை அடுக்கினால் 15 வானம். 6500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். இன்னொரு சிக்கல், வெள்ளை அடித்த வீடு வெள்ளை வானத்தில் கரைந்துபோகும். மூன்றில் ஒரு படி குறைத்து எடுத்தால் கைப்பிடிச் சுவரின் கோடு மிஞ்சும்.

அப்புறம் ஒரு விசேஷம். நம்ம அட்சரேகை சுமார் 8.2 பாகை. அதனால் ஏப்ரல் 11-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் பகல் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மின்கம்பத்துக்கு நிழலே இருக்காது. கிழக்கு மேற்குத் தெரியாத சாலைப் படம் வேண்டுமானால் அந்தப் பத்து நிமிஷம்தான். முகப்பு எடுக்க அது ஆகாது, சன்ஷேடு நிழல் சுவர் முழுக்க வழிந்து கிடக்கும்.

#3 கோணம் செல்வி

எல்லாம் சரி அண்ணே, இதில் ஆள் எங்கே?

வெள்ளை வானம், நேர்க்கோடு, காலியான வாசல். எந்த ஊரையும் இப்படி எடுத்தால் ‘இடமற்றது’ ஆகிவிடும். பத்மநாபபுரம் அரண்மனையைக்கூட இந்த முறையில் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கலாம். 1976-ல் கனடாப் புவியியலாளர் எட்வர்ட் ரெல்ஃப் இடமின்மையைப் பற்றி எழுதியபோது கட்டடம் ஒரே மாதிரி இருப்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு இடத்தோடு மனுசருக்கு இருக்கும் ஒட்டுதல் அறுவதையும் சொன்னார். ஒட்டுதல் இருக்கிறதா இல்லையா என்று பூட்டிய கேட்டைப் படம் எடுத்து எப்படிச் சொல்வீர்கள்? பாதி வீட்டில் ஆள் வளைகுடாவில். பூட்டின வீடு வேறு, இடமற்ற வீடு வேறு.

சண்டிகரைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 800-க்கு 1200 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, பெயருக்குப் பதில் எண் கொடுத்த ஊர். 13 என்ற எண்ணை மட்டும் அப்போது விட்டுவிட்டார்கள், பகுத்தறிவு நகரத்துக்குக்கூட ராசி பார்க்க வேண்டியிருந்தது! அந்த நகரம் எழும்பும்போது அங்கே சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடித்த ஊர்களின் ஓடு, உடைந்த வளையல், பீங்கான், மின் பொருத்திகளைக் காட்டுக்குள் சேர்த்து, பல வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒரு சிலைத் தோட்டம் கட்டினார். 1976-ல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. புது நகரத்தைப் பற்றிய கலை என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். நகரத்தின் கழிவே பொருள், எடுத்தவர் அங்கேயே வேலை பார்த்த ஆள்.

#4 வெள்ளைவானம்

ஆளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். 15 கேட்டும் ஒரே அளவில் நிற்கும்போது ஒன்பதாவது கேட்டில் சாய்த்து வைத்த தென்னை மட்டையும், பதினொன்றாவது வீட்டுச் சன்ஷேடில் காயும் கருவாடும் தானே முன்னே வரும். கண்டபடி எடுத்தால் கருவாடு வெறும் அழகுப் பொருள்.

#5 சரள்மண்

முகப்பை விடுங்கள், கீழே பாருங்கள். இந்த மனைகளில் பாதி ஏலா, அதாவது நெல்வயல் வெளி. வயலில் மண்ணடித்து மேடாக்கியவை. 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதை 3 அடி உயர்த்த 1307 கன அடி, அதாவது 13 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண் வேண்டும். 5 சென்ட் மனைக்கு 65 யூனிட். தளர்ந்து வரும் மண் அமுங்குவதால் லோடுக் கணக்கு இன்னும் கூடும். அந்த மண் ஒரு பொற்றையை, அதாவது சிறு குன்றை, வெட்டி வந்தது. ஆக இடம் போனது இரண்டு ஊரில். கண்காட்சியில் அந்த இரண்டாவது ஊர் வராவிட்டால் விஷயம் பாதிதான்.

செய்முறை இது.

கிராமப் புல எண்ணைக் கண்டுபிடித்துப் புலப்பட நகலும் ‘அ’ பதிவேட்டு விவரமும் எடுங்கள், இரண்டும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். ‘அ’ பதிவேட்டில் நன்செய்யா புன்செய்யா என்பது இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து டிரேசிங் தாளில் மேலே போடுங்கள். தவறு நடக்கும் இடம் அளவுதான். பழைய படத்தில் அளவு மீட்டரிலா சங்கிலிக் கணக்கிலா என்று முதலில் பாருங்கள். 1 லிங்க் 20.1 செ.மீ. அதைக் கவனிக்காமல் போட்டால் ஓடை வீட்டு அடுக்களைக்குள் ஓடும். பொருத்துவதற்கு வரப்பை நம்பாதீர்கள், புல எல்லைக் கல் மூன்றையாவது பிடியுங்கள். இரண்டு கல்லில் பொருந்தி மூன்றாவதில் பிசகினால் ஜெராக்ஸ் இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

பொருந்தினால் தெரியும், 7.2 மீட்டர் சாலை ஏன் ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைகிறது என்று. அங்கே வாய்க்கால் இருந்திருக்கும்.

மனைப்பிரிவுகளையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு 2017-ல் வரன்முறை விதி வந்தது. முந்தியதில் சாலை பல இடத்தில் ஆட்டோ போகிற அகலம்தான், #2-ல் சொன்ன 8.7 மீட்டர் அங்கே கிடைக்காது. பிந்தியதில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். 247 சென்ட்டுக்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூங்கா இடத்தைப் போய்ப் பாருங்கள். நாலு வேலிக்கல், ஒரு பலகை, எருக்கு. பசு மேய்க்க அதுதான் இடம். ஒரு முழு அறையும் அதற்கே கொடுக்கலாம் என்பேன்.

#6 காதுள்ளவன்

படத்தில் எந்த ஊர்னு தெரியாது, சரி. கண்ணை மூடிட்டுக் கேளுங்க. மாதாகோவில் மணி, எக்செல் வண்டியில மீன்காரர் அடிக்கிற ஹாரன், ரப்பர் பால் எடுக்கப் போறவங்க விடியக்காலப் பேச்சு, கோயில் கொடைக்கு நாலு தெரு தள்ளி வில்லுப்பாட்டு. அஞ்சு நிமிஷத்துல நம்ம ஊர்னு பிடிச்சிரலாம். இடமின்மை கண்ணுக்குத்தான், காதுக்கு இல்ல. கண்காட்சிக்குள்ள இந்தச் சண்டைய மூட்டிவிடுங்க.

ஒரே இடம், 24 மணி நேரம், மணிக்கு 3 நிமிஷம். மொத்தம் 72 நிமிஷம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோன்னா மணிக்கு 1 ஜிபி கணக்கு, ஆக ஒன்றேகால் ஜிபி போதும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம வைங்க. பட்டாசுக்கும் பாங்குக்கும் சேத்து இடம் விடணும்.

கெடுறது காத்துல. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அடிக்கிற மேல்காத்துக்கு மைக் மேல மாட்டுற சின்னப் பஞ்சு காணாது, ரோமம் வச்ச உறை வேணும். ரெக்கார்டர சுவர் மூலையில வைக்காதீங்க, அடித்தொனி வீங்கி எல்லாம் குடத்துக்குள்ள பேசுற மாதிரி ஆயிரும். சுவர்ல இருந்து ரெண்டு மீட்டராவது தள்ளி, இடுப்பு உயரத்துல. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற பொத்தான் இருந்தா போட்டிருங்க.

தனிப்பட்ட பேச்சு விழுந்தா அந்த 3 நிமிஷத்த விட்டுட்டு அடுத்த நாள் அதே மணிக்கு எடுக்கணும். பக்கத்து வீட்டுச் சண்டைய ஸ்பீக்கர்ல போடுறது கலை கிடையாது.

#7 ஏலாக்கரை

இது நல்லா இருக்கு. முதல் அறையில் மௌனமான கட்டம், இரண்டாம் அறை இருட்டில் ஒலி என்று வைக்கலாம்.

தரைக் கல்லை அப்படியே பதிவெடுக்க முடியுமா? காகிதத்தில் தேய்த்தோ, அச்செடுத்தோ? அப்புறம், சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாடு, கொளச்சல், மணக்குடிப் பக்கம் கட்டிய குடியிருப்புகளையும் சேர்க்கலாமா?

#8 அம்மிக்கல்

தேய்ப்புக்கு வெறும் காகிதம் வேண்டாம். இன்டர்லாக் கல் மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி, மெல்லிய காகிதம் மூன்றாவது இழுப்பில் கிழியும். துணிக்கடைப் பைக்கு வரும் நான்-ஓவன் துணி, 40 ஜிஎஸ்எம், வெள்ளை. கல்லைத் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கி, ஓரம் நாலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெழுகு கிரேயானைப் படுக்கப் போட்டு ஒரே திசையில் இழுங்கள். முனையால் தேய்த்தால் கல் பதியாது, கை பதியும். காலையில் பனி ஈரம் இருக்கும். நடுவெயிலில் மெழுகு இளகிக் குழம்பும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சரியாக வரும்.

அச்சுக்கு சிலிக்கோன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். குயவர் மண் போதும். ஒரு அடிச் சதுரம், 2 செ.மீ. கனம் என்றால் மூன்றரைக் கிலோ மண். கல்லின் மேல் டால்கம் பவுடர் தூவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, பதினைந்து நிமிஷம் விட்டு, பலகையோடு சேர்த்துத் தூக்குங்கள். பவுடர் போடாவிட்டால் சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சி மண் கல்லிலேயே தங்கிவிடும். குழிவைச் சுற்றி வரம்பு கட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 2.1 கிலோவுக்குத் தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது, கட்டி கட்டும். இரண்டரை செ.மீ. கனத்துக்கு இது கணக்கு.

உள்ளே வலுவுக்கு சீலிங் வேலைக்காரர்கள் வைக்கும் தேங்காய் நாரே போதும். ஆனால் பச்சை நாரை அப்படியே வைத்தால் தேயிலைக் கறை மாதிரி பழுப்பு மேலே வரும். இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாகும் வரை அலசிக் காயவைத்த நார் வைக்கணும். செய்து முடித்ததும் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். நம்ம ஈரக்காற்றில் காய பத்து நாளாவது ஆகும், சுற்றினால் பூசணம் பிடிக்கும்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டால்: லண்டனில் 1993-ல் ரேச்சல் வைட்ரீட் இடிக்கப்போன ஒரு வரிசை வீட்டின் உள்ளே கான்கிரீட் தெளித்து, அப்புறம் செங்கல்லை உரித்து, வீட்டுக்குள் இருந்த வெற்றிடத்தைக் கெட்டிப் பொருளாக நிறுத்தினார். 1994 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள். அவர் அச்செடுத்தது போகப்போன வீட்டை. உங்களுக்குச் சிக்கல் நேர்மாறு, இன்டர்லாக் கல் எங்கும் போகப்போவதில்லை. அதனால் புதுக் கல்லை அச்செடுத்துப் பயனில்லை. தேய்ந்த கல்லை எடுங்கள். பைக் ஸ்டாண்டு குத்திய குழி, தேங்காய் உடைத்த இடம், கோலப்பொடி சந்தில் இறுகிப்போன வரி.

#9 கோணம் செல்வி

அம்மிக்கல் அண்ணன் கடைசியில் சொன்னதைத்தான் நான் #3-ல் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாக வரவில்லை.

சுனாமிக் குடியிருப்பை மனைப்பிரிவோடு ஒரே வரிசையில் மாட்டக் கூடாது. மனை வாங்கினவர் பார்த்து வாங்கினார். சுனாமி வீடு இழப்புக்குப் பிறகு கிடைத்தது, ஏறத்தாழ 325 சதுர அடி, யார் பக்கத்தில் யார் என்பதுகூட அவர்கள் தீர்மானித்தது இல்லை. இரண்டும் ஒரே மாதிரி வீடுகள்தான். ஒரே மாதிரி ஆன காரணம் வேறு. அந்தக் காரணம் சுவரில் எழுதப்படாவிட்டால் பார்ப்பவர் இரண்டையும் ‘போரிங் வீடு’ என்று கடந்துவிடுவார்.

ஆனால் அன்றாட வாழ்க்கையைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே திட்டத்தில் கட்டின வீடு இத்தனை வருஷத்தில் என்னென்ன ஆகியிருக்கிறது என்பது வெளியே நின்றாலே தெரியும். முன்னால் ஓலை இறக்கி வலை பின்ன நிழல். கடல் பார்த்து வாசல் இல்லாததால் பக்கச் சுவரை உடைத்து ஒரு கதவு. திண்ணை இல்லாத வீட்டுக்கு ஹாலோ பிளாக் இரண்டை அடுக்கித் திண்ணை. மாதா குருசடிக்கு (சின்னச் சிலுவைக் கோயில்) ஒதுக்காத இடத்தில் குருசடி.

இதைப் புகைப்படமாக எடுக்காதீர்கள், வரையுங்கள். ஆளின் முகம் வராது, கோடு மட்டும் வரும். முதல் வீட்டின் மூலத் திட்டத்தை 1:50-ல் வரைந்து, சாம்பல் நிறத்தில் நகல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் சேர்த்ததைச் சிவப்பில், இடித்ததைப் புள்ளிக் கோட்டில். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் 45 பாகைப் படமாக இருந்தால் ஏணியும் தண்ணீர்க் குடமும் சேரும். 10 வீடு போதும். வீட்டுக்காரரிடம் கேட்டு, வரைந்ததைக் காட்டி, ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிமை இல்லாத நீட்டிப்பு என்று பிறகு யாராவது அளவெடுத்து வரக்கூடாது பாருங்கள், அதனால் கதவு எண்ணும் தெருப் பெயரும் வேண்டாம்.

#10 வடக்குவாசல்

சுவரிலேயே பெரிய ஓவியம் வரைந்தால் ஊருக்கும் ஒரு அடையாளம் வருமே? சென்னையில் மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில் செய்த மாதிரி.

#11 கோணம் செல்வி

2020-ல் ஸ்டார்ட் (St+art) இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு அங்கே வரைந்த சுவரோவியங்கள் நல்ல ஓவியங்கள்தான், ஊரைப் பார்க்க ஆள் வந்தது. ஆனால் அது இடமின்மையைக் காட்டும் கலை இல்லை, மருந்து போடும் கலை. ஏலாக்கரை கேட்டது முதலாவது. இரண்டையும் குழப்பினால் நாலு வருஷ வெயிலில் நிறம் போன பிறகு எது கலை, எது பெயின்ட் பராமரிப்பு என்று தெரியாது. கடலோரம் என்றால் இன்னும் சீக்கிரம், உப்புக் காற்றில் எமல்ஷன் பொரிந்து உரியும்.

#12 அச்சுமை

அச்சு பற்றி யாரும் பேசவில்லை. 8-க்கு 10 அங்குலம், செங்குத்து, வரிசைக்கு 5, மூன்று வரிசை. இடைவெளி 1 அங்குலம் வைத்தால் மொத்தம் 44-க்கு 32 அங்குலம். நடு மையம் தரையிலிருந்து 57 அங்குலம். பளபளக் காகிதம் வேண்டாம், டியூப்லைட் 15 படத்திலும் விழும். மேட் காகிதம், பிக்மெண்ட் மை.

5 மி.மீ. ஃபோம் போர்டில் ஒட்டினால் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் அப்பளம் மாதிரி வளையும். 3 மி.மீ. ஏசிபி தகட்டில் ஒட்டுங்கள். கடை முகப்புக்கு அடிக்கிற அதே தகடு, இந்தக் கண்காட்சிக்கு அதுவே ஒரு பொருத்தம். 8-க்கு 4 அடித் தகட்டில் கணக்குப்படி 54 துண்டு, வெட்டும் சக்கரம் தின்பதையும் சேர்த்தால் 45. ஆக ஒரு தகடு மூன்று கட்டத்துக்கு வரும். மேலே உள்ள பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டு ஒட்டணும். அதன் மேலேயே ஒட்டினால் படம் படலத்தோடு உரிந்து விழும்.

#13 ஏலாக்கரை

தகட்டைக் குறித்துக்கொண்டேன். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? நகர் பெயர் போட்டால் மனை விற்றவருக்கு விளம்பரம், வீட்டுக்காரருக்கும் சங்கடம்.

#14 சரள்மண்

பழைய விளை அல்லது ஏலாப் பெயர், நன்செய் / புன்செய், எத்தனை யூனிட் மண் என்ற கணக்கு. இந்த மூன்றும் போதும். புல எண் போட்டால் இணையத்தில் தேடி உரிமையாளர் பெயர் வரை போய்விடலாம், அதனால் அது வேண்டாம். விளைப் பெயர் கிடைக்காத இடத்துக்கு மின்கம்பத்தையும் பழைய ரேஷன் கடைப் பலகையையும் பாருங்கள், அங்கே இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

#15 காதுள்ளவன்

பஸ் கண்டக்டர்ட்ட கேளுங்க. ‘அவென்யூ’ன்னு எந்த ஸ்டாப்பும் அவருக்குத் தெரியாது.